பதினாறு றாத்தல்

உட்துறைமுக வீதிப் பேக்கரியில்
ஒரு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வந்து
ஆயுத அறையைத் திறக்கிறேன்.
மேசையில் ஐந்து சுருள்வில்கள்,
இரவு ரயிலில் கொழும்பிலிருந்து வந்தவை.
பன்னிரண்டு றாத்தல், பதினாலு, பதினாறு,
பதினெட்டு, இருபது;
வாலில் ஆளுக்கொரு வர்ணப் பொட்டு.
பாணுக்கும் இவற்றுக்கும் ஒரே நிறைச்சொல்.
இப்போதைக்குச் சுடுவது
பாண் மட்டும்தான்.

சனிக்கிழமை போட்டி.
பழைய வில் நாலாயிரம் ரவை கண்டது.
போன வாரம் அது எறிந்த வெற்றுக்கோது
பன்னிரண்டு அடி பறந்துபோய்
அடுத்த நிரலில் நின்ற ரிஸ்மியாவின்
கொலருக்குள் இறங்கியது.
அன்றைக்கு நான் குறி தவறாமல் அடித்தது
அது ஒன்றுதான்.
அவள் துள்ளிய துள்ளலில்
கிண்ணியாப் பேச்சில் எனக்குத் தெரியாதிருந்த
நாலு சொல் தெரிந்துகொண்டேன்.

கழற்றிப் புதியதன் பக்கத்தில் நிறுத்தினால்
ஒரு நகமளவு குள்ளம்.
எஃகும் களைக்கும்.
களைத்ததை வாய்திறந்து சொல்லாது,
கோதைத் தூர எறியும், அவ்வளவுதான்.

"இருபதைப் போடு நிரோஜினி," என்றார் விஜேகோன்,
"துப்பாக்கி உன்னைவிடக் கனகாலம் இருக்கும்."
போட்டேன்.
மேற்சட்டத்தைப் பின்னால் இழுக்க
இரண்டு தோளும் தேவைப்பட்டன.
முதல் கோது வெளியேற மனமில்லாமல்
வாசலிலேயே செங்குத்தாக நின்றது,
கடன் கேட்க வந்தவன் போல.

பன்னிரண்டு, ஐயோ, என்ன மெதுமை!
ஆனால் ஒவ்வொரு சூட்டுக்கும் உள்ளே
இரும்பு இரும்பில் மோதும் ஒரு 'ணங்'.
கைக்குச் சுகமாக இருந்ததெல்லாம்
சட்டகத்துக்கு அடியாக விழுந்திருக்கிறது.
பதினாலு பரவாயில்லை என்றிருந்தேன்.
கடற்காற்றின் மணல் கொஞ்சம் உள்ளே போனதும்
ஒரு மயிரிழை திறந்தபடி நின்றுவிட்டது,
பூட்டியதும் இல்லை, திறந்ததும் இல்லை.

சுடுவது வில்லின் வேலை அல்ல.
அது மருந்தின் வேலை, என் விரலின் வேலை,
அதற்குப் பதில் சொல்வதும் நான்தான்.
போனதைத் திரும்பக் கொண்டுவருவது வில்.
இந்த ஊரில் அந்த வேலை
எத்தனை றாத்தல் கனக்கும் என்று
நான் கேட்கப் போவதில்லை.
பொங்கல் வெடிக்கு அம்மா இன்னும்
விளக்கை அணைத்துவிட்டுத்தான் எட்டிப் பார்ப்பாள்.
மகள் பொலிஸில் எழுத்துவேலை என்று
அயலுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள்.
பொய்யில்லை.
பதிவேடு என் கையெழுத்துத்தான்.

மிஞ்சியவை இரண்டு.
பதினெட்டில் முன்குறி
வந்த வேகத்தில் இலக்கைத் தாண்டிக்
குனிந்து கும்பிடு போடுகிறது;
ஒவ்வொரு தடவையும் நிமிர்த்த வேண்டும்.
பதினாறில், கறுப்பு வட்டத்தின் கீழ்விளிம்புக்கே,
புறப்பட்ட இடத்துக்கே வந்து உட்காருகிறது.
உடனே நம்பவில்லை.
ரிஸ்மியாவிடம் கொடுத்தேன்.
ஐந்து சூடு சுட்டுவிட்டு அவள்
"எனக்கெண்டால் பதினெட்டு," என்றாள்.
அவள் மணிக்கட்டு வலை இழுத்த வீட்டு மணிக்கட்டு.
எனக்குப் பதினாறு.
மணலில் கால்வைத்து அளந்தேன்:
கோதுகள் எல்லாம் ஆறடியில்,
ஒரு சுளகு அகலத்துக்குள்.

அளந்துகொண்டிருக்கும்போதே
கோட்டைப் பக்கமிருந்து ஒரு புள்ளிமான்
நிரலுக்குள் நடந்து வந்தது.
சிவப்புக் கொடியை உயர்த்திவிட்டு நின்றோம்.
சூடாறாத கோதொன்றை மூக்கால் தொட்டு,
தும்மி,
தேநீருக்கென்று வைத்திருந்த பாணைத்
தின்னத் தொடங்கியது.
வெருட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை.

பதிவேட்டில் எழுதுகிறேன்:
வில், பதினாறு றாத்தல். ரவை, இருபத்தைந்து.
பாண், அரை றாத்தல்.
பிறகு கடைசி வரியை வெட்டுகிறேன்,
விஜேகோன் கையெழுத்து வைக்க வேண்டுமே.